இந்தியன் தாத்தா திரும்பி வந்தார்... அந்த வலி ஏன் வரலை?

ஒரு ஹிட் படத்தோட பார்ட் 2 போஸ்டர் வந்ததும் நமக்குள்ள ரெண்டு குரல் கேட்கும். ‘முதல் நாளே பார்த்துடணும்’னு ஒண்ணு, ‘பழைய படத்தோட பேரைக் கெடுத்துடுவாங்களோ’னு இன்னொண்ணு. 2024 ஜூலை 12-ம் தேதி ‘இந்தியன் 2’ வந்தப்போவும் அப்படித்தான். அதே ஷங்கர், அதே கமல், 28 வருஷ இடைவெளி. ஆனா, தியேட்டரைவிட்டு வெளியே வந்த பலரும் சொன்னது, ‘முதல் பாகம் மாதிரி இல்லப்பா’ங்கறதுதான். மேக்கப், இசை, நீளம்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. படம் வந்த பிறகு 12 நிமிஷத்தை வெட்டியும் பார்த்தாங்க. ஆனா, கோளாறு கதையோட அடித்தளத்துல இருந்தது.

(ரெண்டு படத்தோட கதையும் கீழே வருது. பார்க்காதவங்க உஷார்!)

கத்திக்குப் பின்னாடி ஒரு வீடு

1996-ல வந்த ‘இந்தியன்’ல சேனாபதி ஏன் கத்தியை எடுத்தார்? தீக்காயத்தோட துடிச்ச மகள் கஸ்தூரியைக் காப்பாத்த லஞ்சம் கேட்டாங்க. கொடுக்க மாட்டேன்னு நின்னார், மகளை இழந்தார். அதனாலதான் அந்த டாக்டரை டி.வி நேரலையில கொல்லும்போது நமக்குக் கொலையைவிட அந்த அப்பாவோட வலிதான் தெரியுது.

அதோட நிக்கலை. மகன் சந்துரு லஞ்சம் வாங்கிட்டு, பிரேக் சரியில்லாத பஸ்ஸை ஓட்ட அனுமதிக்கிறான். பள்ளிக் குழந்தைகள் செத்துப்போறாங்க. ‘ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?’ங்கற கேள்வி சேனாபதி கழுத்துக்கே வருது. கிளைமாக்ஸ்ல நாம சீட் நுனியில உட்கார்ந்திருந்ததுக்குக் காரணம் சண்டை மட்டுமில்லை. அப்பா மகனைக் கொல்வாரா, மாட்டாராங்கற பதற்றம். கமலுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்ததும் இந்தப் படம்தான்.

நல்ல ஐடியா, தப்பான ஆள்

‘இந்தியன் 2’ல ஐடியாவே இல்லைனு சொல்ல முடியாது. ‘ஊரைத் திருத்துறதுக்கு முன்னாடி உங்க வீட்டைப் பாருங்க’ன்னு இளைஞர்கள்கிட்ட சொல்றார் சேனாபதி. அதைக் கேட்டு சித்தார்த் நடிச்ச சித்ரா அரவிந்தன், லஞ்சம் வாங்குற தன்னோட அப்பாவையே பிடிச்சுக் கொடுக்கிறார். விளைவா, அம்மாவை இழக்கிறார். யோசிச்சுப் பார்த்தா, முதல் பாகத்தோட அதே கேள்விதான், தலைகீழா. அங்கே அப்பா மகனைத் தண்டிச்சார், இங்கே மகன் அப்பாவை.

ஆனா, இழப்பு சித்ராவுக்கு, சண்டை சேனாபதிக்கு. வலிக்கிறது ஒருத்தருக்கு, அடிக்கிறது இன்னொருத்தர்! நூறு வயசைத் தாண்டின தாத்தா விதவிதமா வர்மம் போடுறார், ஒருத்தர் குதிரை மாதிரி ஓடுறார். முதல் பாகத்துல ரெண்டு விரலைப் பார்த்தாலே வந்த பயம் இங்கே வரலை. ஏன்னா, இந்தத் தடவை அவர் இழக்கிறதுக்கு எதுவுமே இல்லை.

அப்போ ஜெயிச்ச பார்ட் 2?

1984-ல வந்த ‘தி டெர்மினேட்டர்’ல அர்னால்டு, சாராவைக் கொல்ல வந்த இயந்திரம். 1991-ல வந்த ரெண்டாம் பாகத்துல அதே முகம், சாராவோட மகனைக் காப்பாத்த வருது. அந்த முகத்தைப் பார்த்து நடுங்கினவ, இப்போ அதையே நம்பியாகணும். கிராபிக்ஸுக்கு ஆஸ்கரும் கிடைச்சது. ஆனா படத்தைத் தாங்கினது, பழைய காயத்து மேலயே புதுக்கதையை வெச்ச ஜேம்ஸ் கேமரூனோட அந்த ஒரு முடிவு.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி...

அடுத்த பார்ட் 2 டிரெய்லர் வரும்போது மூணு விஷயம் பாருங்க பாஸ்:

1. ஹீரோவுக்கு இந்தத் தடவை இழக்க என்ன இருக்கு?

2. முதல் பாகத்துல நடந்தது அவரை மாத்தியிருக்கா, இல்லை அப்படியே வந்து நிக்கிறாரா?

3. பழைய வசனம், பழைய பி.ஜி.எம்மை எடுத்துட்டா மிச்சம் ஏதாவது இருக்கா?

மூணுக்கும் பதில் இல்லைன்னா அவசரப்பட வேண்டாம், ஓ.டி.டி-க்கு வரட்டும். அந்த ராத்திரி, பழைய படத்தையே இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. பார்ட் 2 எவ்வளவு சொதப்பினாலும், அதை யாராலயும் கெடுக்க முடியாது!