காருக்கும் காய்ச்சல் வரும்!

குழந்தையின் உடம்பு சுடுகிறது. தாய் என்ன செய்கிறாள்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். பிறகு தர்மாமீட்டரை எடுத்துக் குழந்தையின் வாயில் வைக்கிறாள்.

குழந்தை அப்போதுதான் சூடான பால் குடித்திருந்தது. அது தாய்க்குத் தெரியாது.

தர்மாமீட்டர் 103 டிகிரி காட்டுகிறது! வீடே பதறுகிறது.

உண்மையில் குழந்தைக்கு அவ்வளவு காய்ச்சல் இல்லை. தர்மாமீட்டர் மீதும் குற்றம் இல்லை. பாலின் சூட்டை அது சொல்லிவிட்டது. அவ்வளவுதான்!

இதே வேடிக்கை மோட்டார் காரிலும் நடக்கிறது.

காருக்குள்ளும் ஒரு தர்மாமீட்டர் இருக்கிறது. என்ஜின் சுவாசிக்கும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது பார்க்கிறது. "டர்போ" வைத்த காருக்கு அது மிகவும் முக்கியம். அது சரியாகச் சொன்னால் என்ஜின் பிழைக்கும். தவறாகச் சொன்னால் என்ஜினே உடைந்து போகலாம்.

காற்றுச் சூட்டில் அப்படி என்ன ஆபத்து? பார்ப்போம்.

கொல்லன் துருத்தி

கொல்லன் பட்டறைக்குப் போயிருக்கிறீர்களா? துருத்தியை ஊதினால் கரி கனன்று எரியும். நிறுத்தினால் அடங்கும். காற்று கூடினால் தீயும் கூடும்.

கார் என்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். அதிகக் காற்று போனால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். அதிக பலம் கிடைக்கும்.

சாதாரண என்ஜின் தன் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போ வைத்த என்ஜினுக்கோ காற்று அழுத்தி ஊட்டப்படுகிறது. டர்போ என்பது என்ஜினுக்கு ஒரு துருத்தி!

இந்தத் துருத்தியை ஊதுவது யார்?

புகை!

என்ஜினில் எரிந்து வெளியேறும் புகை வேகமாக வருகிறது. அது ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் சுற்றக்கூடியவை.

வீணாகப் போகும் புகையிடம் வேலை வாங்கும் இந்த யோசனை, சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்பிரட் பூகி என்பவருடையது. 1905-ம் ஆண்டிலேயே அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சைக்கிள் பம்பு

நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு தொல்லையும் இருந்தது.

சைக்கிளுக்குக் காற்று அடித்திருப்பீர்கள். அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! காற்றை அழுத்தினால் அது சூடாகும். இது இயற்கையின் சட்டம்.

டர்போவிலும் அதே கதைதான். வெளிக்காற்று 30 டிகிரி சென்டிகிரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ அதன் அழுத்தத்தை 1.7 மடங்கு ஆக்குகிறது. டர்போவை விட்டு வெளியே வரும்போது அந்தக் காற்றின் சூடு எவ்வளவு தெரியுமா? சுமார் 100 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் சூடு!

சூடான காற்றால் இரண்டு கெடுதல்கள்.

முதல் கெடுதல்: பலம் குறையும். சூடானால் காற்று விரியும். விரிந்த காற்று அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். 100 டிகிரி காற்று 100 படி கொள்ளும் இடத்தில், அதே அழுத்தத்தில், 50 டிகிரி காற்று சுமார் 115 படி கொள்ளும். குளிர்ந்த காற்றுதான் கனமான சாப்பாடு!

இரண்டாவது கெடுதல் இன்னும் மோசமானது. பெட்ரோல் என்ஜினில் மின்பொறி வந்துதான் தீயைப் பற்றவைக்கவேண்டும். அந்தத் தீ ஓரத்தில் இருந்து ஓரத்துக்கு ஒழுங்காகப் பரவவேண்டும். காற்று அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், தீ வந்து சேருவதற்கு முன்பே ஒரு மூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துவிடும். சுத்தியலால் அடிப்பது போல "டக் டக்" என்று சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள்.

கொஞ்ச நேரம் நாக்கிங் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. பலமாகத் தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும், உடையும். என்ஜின் செலவு, காரின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

டீசல் என்ஜினில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் பலக் குறைவு அங்கேயும் உண்டு.

தண்ணீர் கேட்ட கார்

1962-ம் ஆண்டு. அமெரிக்காவில் "ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர்" என்ற கார் விற்பனைக்கு வந்தது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்களில் அதுவும் ஒன்று. அதன் என்ஜின் 3.5 லிட்டர். டர்போ இல்லாமல் 185 குதிரை சக்தி தந்த என்ஜின், டர்போவுடன் 215 குதிரை சக்தி தந்தது.

சூட்டை அடக்க என்ன செய்தார்கள்? ஒரு தனித் தொட்டி வைத்தார்கள். அதில் காய்ச்சி வடித்த தண்ணீரும், மெதனால் என்ற சாராயமும் கலந்த திரவம். "டர்போ ராக்கெட் திரவம்" என்று அதற்கு ஒரு கம்பீரமான பெயர்!

டர்போ வேகமாக ஊதும்போது இந்தத் திரவம் காற்றோடு கலந்து தெளிக்கப்படும். அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், கோடையில் வாசலில் தண்ணீர் தெளித்தால் குளுமை வருவதும் இதே முறையில்தான்.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் வாங்கியவர்களில் பலர் தொட்டியை நிரப்ப மறந்துவிட்டார்கள்!

திரவம் தீர்ந்தால் முன்னால் ஒரு விளக்கு எரியும். டர்போவின் அழுத்தம் தானாகக் குறைக்கப்படும். என்ஜின் தப்பிக்கும். ஆனால் கார் சோர்ந்துவிடும். "பலமான கார் என்று வாங்கினோமே, இது என்ன?" என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

சுமார் 9,600 கார்கள்தான் செய்யப்பட்டன. 1963-ம் ஆண்டோடு ஜெட்பயர் நின்றுபோனது. பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டார்கள்.

அந்தக் காரில் கம்ப்யூட்டர் கிடையாது. தொட்டியில் திரவம் இருக்கிறதா, இல்லையா என்பதை வைத்துத்தான் அது நடந்துகொண்டது. காற்றின் சூட்டைப் பார்த்து, அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள அதற்கு மூளை இல்லை.

காரின் தர்மாமீட்டர்

இன்றைய கார்களில் அந்த மூளை இருக்கிறது. திரவத் தொட்டிக்குப் பதில் "இண்டர்கூலர்" இருக்கிறது. ரேடியேட்டர் போன்ற ஒரு பெட்டி அது. டர்போவில் இருந்து வரும் சூடான காற்று அதற்குள் போகிறது. வெளியே எதிர்க்காற்று வீசுகிறது. உள்ளே இருக்கும் காற்று ஆறிவிடுகிறது.

எவ்வளவு ஆறியது? அதைச் சொல்வதுதான் காரின் தர்மாமீட்டர். அதற்கு "சென்சார்" என்று பெயர். அதில் பாதரசம் கிடையாது. மிளகு அளவு ஒரு மணிதான் இருக்கிறது. சூடு ஏற ஏற அந்த மணி மின்சாரத்துக்குத் தாராளமாக வழி விடும். சாதாரணமாகக் காணப்படும் ஒரு வகையில், 20 டிகிரியில் மின்தடை சுமார் 2,500 ஓம். 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். இதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சூட்டைக் கணக்கிடுகிறது.

காற்று மிகவும் சூடா? கம்ப்யூட்டர் மின்பொறியைச் சற்றுத் தாமதமாக விடுகிறது. டர்போவின் அழுத்தத்தையும் குறைக்கிறது. பலம் குறையும், என்ஜின் பிழைக்கும்.

எங்கே வைப்பது?

இங்கேதான் பால் குடித்த குழந்தையின் கதை வருகிறது. தர்மாமீட்டர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. வைக்கும் இடமும் சரியாக இருக்கவேண்டும்.

காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அது வெளிக்காற்றின் சூட்டைத்தான் சொல்லும். டர்போவும் இண்டர்கூலரும் அதற்குப் பிறகுதானே வருகின்றன!

டர்போவுக்கும் இண்டர்கூலருக்கும் நடுவில் வைத்தால், டர்போ எவ்வளவு சூடாக்கியது என்று தெரியும். என்ஜினுக்குள் என்ன போகிறது என்று தெரியாது.

இண்டர்கூலரைத் தாண்டி, என்ஜினுக்குள் நுழையும் வாசலில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

பல டர்போ கார்களில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று வடிகட்டிப் பக்கம். மற்றது என்ஜின் வாசல் பக்கம். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்கவேண்டும்.

தெரியாமல் பார்த்தால் என்ன ஆகும்? பலத்தைக் கூட்டுவதற்காகச் சிலர் டர்போவின் அழுத்தத்தை ஏற்றச் சொல்கிறார்கள். வடிகட்டிப் பக்கத்துச் சென்சாரைப் பார்க்கிறார்கள். அது 35 டிகிரி காட்டுகிறது. "காற்று குளிர்ச்சிதான், இன்னும் ஏற்று!" என்கிறார்கள். வாசலில் நுழையும் காற்றோ கொதித்துக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் உடைந்த பிறகுதான் உண்மை தெரிகிறது!

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. கார் நெரிசலில் பத்து நிமிடம் நிற்கிறது. எதிர்க்காற்று இல்லை. இண்டர்கூலரும் குழாய்களும் சூடேறுகின்றன. சென்சாரும் சூடேறி 60, 70 டிகிரி காட்டுகிறது. அதில் ஒரு பகுதி காற்றின் சூடு. ஒரு பகுதி இரும்பின் சூடு! கார் ஓடத் தொடங்கியதும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

மணியைச் சுற்றிப் பித்தளை உறை இருந்தால் இறங்க நேரம் ஆகும். மணி திறந்து இருந்தால் சீக்கிரம் உண்மையைச் சொல்லும்.

நீங்களே பார்க்கலாம்

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பிளக் இருக்கும். அதில் சொருகும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. காற்றின் சூட்டை அதில் படிக்கலாம். மூன்று தடவை பாருங்கள்.

ஒன்று: இரவு முழுவதும் நின்ற காரில், அதிகாலையில் ஓட்டுவதற்கு முன்பு பாருங்கள். வெளிக்காற்றின் சூடும் சென்சாரின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். மைனஸ் 40 டிகிரி காட்டுகிறதா? பயப்படாதீர்கள். பனி பெய்யவில்லை. சென்சாரின் கம்பி அறுந்திருக்கும்!

இரண்டு: நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் பார்க்கக்கூடாது. என்ஜின் வாசலில், வெளிக்காற்றைவிட 10 முதல் 20 டிகிரி வரை கூடுதலாக இருப்பது சாதாரணம்.

மூன்று: மேடு ஏறும்போது பாருங்கள். சூடு ஏறிக்கொண்டே போய், சமவெளிக்கு வந்தும் இறங்கவில்லையா? இண்டர்கூலரில் சேறும் தூசியும் அடைத்திருக்கலாம். குழாய் எங்காவது விட்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

உயிருக்கும் உதவும்

கடைசியாக ஒன்று. இது என்ஜினைப் பற்றியது அல்ல, உங்களைப் பற்றியது.

கத்திரி வெயில். கார் நிறையக் குடும்பம். ரெயில்வே கேட்டில் கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கார் புறப்படுகிறது. முன்னால் ஒரு லாரி. எதிரே தூரத்தில் ஒரு பஸ். "நம் கார் டர்போ கார். ஒரே மிதியில் தாண்டிவிடலாம்" என்று ஓட்டுகிறவர் நினைக்கிறார்.

காலையில் தாண்டிய அதே கார்தான். ஆனால் இப்போது அது சூடான காற்றைச் சுவாசிக்கிறது. கம்ப்யூட்டர் பலத்தைக் குறைத்து வைத்திருக்கலாம். மிதித்தாலும் காலையில் வந்த வேகம் வராது.

அவசரம் வேண்டாம். இரண்டு மைல் தூரம் நிதானமாக ஓட்டுங்கள். எதிர்க்காற்று வீசட்டும். இண்டர்கூலர் ஆறட்டும். பிறகு, சாலை காலியாக இருந்தால் தாண்டலாம்.

காய்ச்சல்காரக் குழந்தையை ஓடச் சொல்வோமா? காருக்கும் அதே இரக்கம் காட்டுங்கள். குடும்பம் பத்திரமாக வீடு வந்து சேரும்.