பழகிய வாகனம் – 9: மீட்டர் காட்டாத வயது

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பழைய கார்களை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகளின் வாசலில் நின்று, வண்டி பார்க்க வருகிறவர்களைச் சிறிது கவனித்தால், அவர்களுள் பெரும்பாலோர் கதவைத் திறந்ததும் முதற்காரியமாகக் குனிந்து மீட்டரைப் படிப்பதையும், அங்கே லட்சத்தைத் தாண்டிய எண் தென்பட்டால் முகம் சுளிப்பதையும், நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் என்று தென்பட்டால் அகமகிழ்வதையும் காணலாம். சர்க்காரின் கணக்கோ வேறு. டி.என். 32 என்று விழுப்புரத்திலோ டி.என். 16 என்று திண்டிவனத்திலோ பதிவான சொந்தக் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்று அது கேட்பதில்லை; 15 ஆண்டு நிறைந்ததா என்று மட்டும் கேட்டு, நிறைந்திருந்தால் எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக் கொடுக்கிறது. 20 ஆண்டைக் கடந்த காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய். வாங்குகிறவர் தூரத்தைக் கொண்டும் சர்க்கார் காலத்தைக் கொண்டும் வண்டியின் வயதை நிர்ணயிக்க, இந்தப் பிரதேசத்தில் அதை மெய்யாகவே கிழமாக்குகிற தண்ணீரைப் பற்றி இருவருமே விசாரிப்பதில்லை.

தூரம் தன்னளவில் ஓர் இயந்திரத்துக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை என்பதற்கு, அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் பள்ளி ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன் என்பவர் 1966-இல் புதிதாக வாங்கிய வோல்வோ பி1800எஸ் கார் ஒன்றே போதுமான சாட்சியம். 2013-இல் அது 30 லட்சம் மைலை, அதாவது ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டரை எட்டிற்று. அதன் இன்ஜினை முதன்முதலில் பிரித்துப் புதுப்பித்ததே 6,80,000 மைலுக்குப் பிறகுதான். காலந்தவறாமல் ஆயில் மாற்றியதைப் பலரும் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அது மெய்தான் என்றாலும், அந்த மனிதர் நாள்தோறும் நூறு மைலுக்கு மேல் வேலைக்குப் போய் வந்தார் என்பதே எனக்கு அதைக் காட்டிலும் முக்கியமான விஷயமாகப் படுகிறது. ஏனெனில் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உற்பத்தியாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடுகிறது. சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளின் சந்து வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால், ஆயிலும் சூடேறி அந்த ஈரம் மறுபடி ஆவியாகி வெளியேறும். சாலாமேட்டிலிருந்து புறப்பட்டு நேருஜி சாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதோடு தன் நித்திய கர்மத்தை முடித்துக்கொள்ளும் காருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதன் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால், உட்புறத்தில் வெளிர்மஞ்சளாக, குழைவாக ஒரு படிவு ஒட்டிக்கொண்டிருக்கும். சைலன்சரும் உள்ளிருந்தே துருப்பிடித்து, மேலே பெயிண்ட் போகாமலிருக்கும்போதே ஒரு நாள் ஓட்டை விழும்.

ஆகையால், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 40 கிலோமீட்டரை நாள்தோறும் சீரான வேகத்தில் போய் வந்து மீட்டரில் இரண்டு லட்சம் காட்டும் வண்டியையும், ஊருக்குள்ளேயே உலாவி நாற்பதாயிரம் காட்டும் அதே வயது வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், நான் முந்தியதன் பானெட்டைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன். குறைவாக ஓடிய வண்டியை வைத்திருப்பவர் கிலோமீட்டரைக் கணக்கிடாமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ஆயில் மாற்ற வேண்டும் என்பதும், வாரத்தில் ஒரு நாளாவது மயிலம் வரை ஓட்டி வரவேண்டும் என்பதும் இதிலிருந்து தாமே பெறப்படும். முருகன் தரிசனம் உபரி லாபம்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயிலில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு ஒன்று உண்டு. தண்ணீர் எண்பது டிகிரியை ஒட்டிச் சூடேறும் வரை அது மூடியிருந்து, பின்னர் மெல்லத் திறக்கும். வண்டி ஒரு முறை ஹீட் ஏறிவிட்டால், “இது குளிர்தேசத்துக்காரன் வச்சது சார், நம்ம வெயிலுக்கு எதுக்கு? கழட்டிடலாம்” என்று மெக்கானிக் சொல்வதும், உரிமையாளர் தலையசைப்பதும், அந்தப் பித்தளைத் துண்டு பட்டறை மூலைக்குப் போய்ச் சேர்வதும் அநேகமாக எல்லாப் பழைய வண்டிகளின் சரித்திரத்திலும் நிகழ்ந்திருக்கும். அம்பாசிடர் விஷயத்தில் இந்த வாதத்துக்கு ஒரு தோற்றப் பொருத்தமும் உண்டு. ஏனெனில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை தயாரான அந்த வண்டி, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்ததுதான். ஆனால் தெர்மோஸ்டாட் குளிருக்காக மட்டும் வைத்ததன்று. அது இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரம் பிடிக்கிறது. மார்கழி விடியலிலும் ஐப்பசி மழையிலும் உரிய சூட்டை எட்டாமலே ஓடுகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்களில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிட, முன்னர் சொன்ன ஈரம் வேறு ஆயிலிலேயே தங்கிவிட, சுவர் தேய்ந்து, வண்டி புகை கக்கி, கடைசியில் இன்ஜினை இறக்கிப் போர் செய்ய வேண்டிய நிலை வருகிறது. அப்போது மீட்டரைப் பார்த்து, “ரொம்ப ஓடிடுச்சு சார்” என்கிறார்கள். ஹீட் ஏறியதற்கு மூலகாரணமோ பெரும்பாலும் தெர்மோஸ்டாட் அன்று, ரேடியேட்டருக்குள் படிந்த சுண்ணாம்பு.

திண்டிவனம், செஞ்சிப் பக்கம் பாறைப் பூமி. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் பிரிந்து, கரையாத சுண்ணாம்பாகி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுவே. வெந்நீர்ப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம். சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தண்ணீர் அறைகளுக்குள் யார் கையை விடுவது? அந்த வெள்ளைப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. தண்ணீர் சூடாகாமலிருக்க, இரும்பு மட்டும் சூடாகிறது. ஹெட் கேஸ்கெட் போகிறது. திண்டிவனத்துக்குத் தெற்கே திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா மரத்தின் திசுக்களில் புகுந்து நிறைந்ததால் நேர்ந்த மாற்றம் அது. அந்த வட்டாரத்துத் தண்ணீருக்குப் பொருள்களைக் கல்லாக்கும் சாமர்த்தியம் புராதனமானது என்று எண்ணிக்கொண்டாவது, வழியில் கிடைத்த குழாய்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாமலிருப்பது நல்லது.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட். அது உறையாமலிருப்பதற்கான திரவமாயிற்றே, நமக்கு எதற்கு என்பார்கள். அதிலுள்ள துருத்தடுப்புச் சரக்குதான் நமக்கு வேண்டியது. வார்ப்பிரும்பு இன்ஜினும் பித்தளை ரேடியேட்டரும் கொண்ட அம்பாசிடரிலும், அலுமினிய ஹெட் கொண்ட மாருதி 800-லும், வெறுந்தண்ணீர் மெல்ல மெல்ல உலோகத்தைத் தின்று, முதலில் டம்மி பிளக்கை அரித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கூலன்ட்டிலும் அந்தச் சரக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பதால், நிறம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவைக்காமல் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் அற்பமாக எண்ணலாகாது. ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை நூறிலிருந்து 110 டிகிரிக்குச் சற்று மேலே உயர்த்துகிறது. அதன் ரப்பர் வெடித்துவிட்டால் அந்தப் பத்து டிகிரிப் பாதுகாப்பும் போயிற்று. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நம் சென்னையில்தான் இருக்கிறது. நம் வண்டிகளிலோ மூடிக்குப் பதிலாகக் கந்தைத் துணி திணித்திருப்பதையும் பார்க்கிறோம். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிப் போகும் டிராக்டர்களின் பின்னே, சித்திரை வெயிலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போதுதான் இந்த மூடியின் அருமை தெரியும்.

உள்ளிருக்கும் தண்ணீரைப் பற்றி இவ்வளவு. வெளியிலிருந்து வருவது உப்போடு வருகிறது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் வரை போனால், சாலையோரமே உப்பளங்கள் விரிந்து கிடக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையதாகையால், மழை பெய்யாத நாளிலும் வண்டியின் அடித்தகடு நனைந்தபடியே இருக்கிறது. அவ்வழி அடிக்கடி போகிறவர்கள் மேலே பளபளப்பாகத் துடைப்பதை விட, கீழே நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதிலும், கதவுகளின் அடியோரத்தில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் சிறு துவாரங்களை ஒரு குச்சியால் குத்தி மண்ணை நீக்குவதிலும் சிரத்தை காட்ட வேண்டும். பழைய வண்டியின் கதவு பெரும்பாலும் அந்தத் துவாரம் அடைபட்டு, உள்ளே தேங்கிய மழைநீரால்தான் அடியில் உளுத்துப்போகிறது. பிறகு டிங்கர் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க நேர்கிறது. சில வாட்டர் சர்வீஸ் கடைகளில், கழுவி முடித்ததும் துருவுக்கு மருந்தென்று கழிவு ஆயிலையோ டீசலையோ அடியில் அடித்துவிடுவார்கள். அது தகட்டை எவ்வளவு காக்குமோ, புஷ்களையும் ஹோஸ்களையும் ஊறவைத்துக் கெடுக்கும் என்பது நிச்சயம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழையைக் கொட்டி, தென்பெண்ணையைப் பெருக்கி, அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலைப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டதை மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் மனித சுபாவம். அதுதான் மகா விபரீதமும். பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க அதனால் ஆகாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கையில் இன்ஜின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாட்டரி ஒயரைக் கழற்றி, பிளக்குகளை எடுத்து, ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் பார்த்த பிறகே சாவியைத் தொட வேண்டும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஓடிவந்து சூடாயிருக்கும் பின் ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர, அதனுள்ளிருக்கும் காற்று சுருங்கி, மேலேயுள்ள மூச்சுத் துவாரம் வழியாகவும் சீல்கள் வழியாகவும் வெள்ளத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. வண்டி பழையபடியே ஓடும். டிஃபரன்ஷியலில் இருக்கும் ஆயில் மட்டும் தண்ணீர் கலந்து வெளுத்து, சில மாதங்களுக்குப் பிறகு பல்சக்கரங்கள் ஊளையிடத் தொடங்கும். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி ஏறிய பின்சக்கரத்தால் இயங்கும் வண்டி எதுவானாலும் அந்த ஆயிலை வடித்துப் பார்த்துவிடுவது விவேகம்.

பிரேக் ஆயிலுக்கு வெள்ளமும் வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே அது மெல்லக் குடிக்கிறது. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதிக்காது. நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் கலந்ததும் கொதிநிலை 140 டிகிரியை ஒட்டி இறங்கிவிடலாம். சமவெளியிலேயே ஓடுகிறவருக்கு இது புலப்படுவதில்லை. குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போய் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது, ஓயாமல் பிரேக் மிதித்துச் சூடேறிய சிலிண்டருக்குள் அந்தத் தண்ணீர் ஆவியாகி, மிதி தரை வரை அமுங்கும்போதுதான் புலப்படும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதும் வடித்து மாற்றுவதும் அதற்குப் பரிகாரம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால், ரப்பர் கப்புகள் உப்பிப் பிரேக்கே பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகப் பெட்ரோல் டாங்க். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலும் ஈரத்தை விரும்புவது. அளவுக்கு மீறிக் குடித்துவிட்டால், பெட்ரோலிலிருந்து பிரிந்து தண்ணீரோடு டாங்கின் அடியில் தங்கி, தகட்டையும் கார்பரேட்டரையும் அரிக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கே இந்த அபாயம் மிகுதி. மழைக்காலத்தில் டாங்கைக் கால்வாசியில் வைத்திருந்தால், காலியிடத்திலுள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து உள்ளேயே துளிக்கும் என்பதால், நிரப்பி வைப்பதும் வாரந்தோறும் ஓட்டுவதும் உசிதம். பழைய வண்டியின் பெட்ரோல் ஹோஸ்களும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலை உத்தேசித்துச் செய்தவையல்ல. அவற்றைத் தொட்டுப் பார்த்துக் கடினப்பட்டிருந்தால் உடனே மாற்ற வேண்டும். எந்த ரகத்தைக் கேட்டு வாங்குவது, புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் நல்ல சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்பதையெல்லாம் அடுத்த வாரம் ரப்பரைப் பற்றிய அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.