பாவிச்ச வின்ரர் சில்லு: உங்கள் காருக்குச் சரிவருமா?

ஒக்டோபர் கடைசி வந்தால் ரொறன்ரோவில் எங்கட ஆக்களுக்கு ஒரே கேள்விதான்: வின்ரர் ரயருக்கு என்ன செய்யிறது? ரிம்மோடு சேர்த்துப் புதுசா வாங்கினால் கையைக் கடிக்கும். அதால சொந்தக்காரர், கூட்டாளிமார், மார்க்கெட்பிளேஸ் எண்டு எல்லாப் பக்கமும் பாவிச்ச செற் தேடத் தொடங்குவோம். எபிசோடில் இதைப் பற்றிக் கதைச்சோம்தான். ஆனால் மில்லிமீற்றர்க் கணக்கைக் காதால் கேட்டு மனதில் வைக்கேலாது. முழுக் கணக்கும் இங்கே எழுத்தில்.

விளம்பரங்களில் பெரும்பாலும் "5 போல்ட், 16 இஞ்சி" எண்டு மட்டும் இருக்கும். ஒரு ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்கியுமென்ட் எண்டு சொல்லிப்போட்டு, அவை என்ன டைப் எண்டு சொல்லாமல் விடுகிற மாதிரி. கோட் பிழைச்சால் கொம்பைலர் கத்தும். சில்லுக்குக் கொம்பைலர் இல்லை. பிழையான சில்லும் சில நேரம் பூட்டுப்படும், வீட்டு வாசலில் இருந்து ஒழுங்காக ஓடியும் போகும். பிழை தெரியவாறது 401 நெடுஞ்சாலையில், அம்மா அப்பா பின் சீட்டில் இருக்கிற நேரத்தில்.

ஒரு உதாரணம் எடுப்போம். மாமா தன்ர 2015 டொயோட்டா கேம்ரியை வித்துப்போட்டார். அதின்ர 16 இஞ்சி வின்ரர் செற் கராஜில் சும்மா கிடக்குது. "எடுத்துக்கொண்டு போ, காசு ஒண்டும் வேண்டாம்" என்கிறார். உங்களிட்ட இருக்கிறது 2018 ஹொண்டா சிவிக் செடான். சரிவருமா?

முதல் சோதனை: போல்ட் வட்டம்

ஐந்து போல்ட் துளைகளின் மையங்களையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் கீறினால், அதன் விட்டம்தான் கணக்கு. கேம்ரிக்கும் சிவிக்குக்கும் அது 5×114.3 மில்லிமீற்றர். அதாவது நாலரை இஞ்சி. சோதனை பாஸ்.

ஆனால் பெயரை நம்பக்கூடாது. அதே டொயோட்டாவின் 2014–2019 கொரோலா செடான் 5×100. அதே 2018 சிவிக்கில் டைப் ஆர் 5×120. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், பென்ஸ் போன்றவை 5×112.

ஐந்து துளை என்றபடியால் ஒரு துளைக்கு நேர் எதிரே இன்னொரு துளை இராது. விட்டத்தை நேராக அளக்கேலாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகள் இரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து 1.701 ஆல் பெருக்குங்கோ. 114.3க்கு அந்தத் தூரம் 67.2 மில்லிமீற்றர். 112க்கு 65.8. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. அளவு நாடாவால் இதைப் பிடிக்கேலாது. 112 ரிம்மை 114.3 ஹப்பில் வலுக்கட்டாயமாக இறுக்கினால் நட் நேராக இருக்காது, போல்ட் வளைஞ்சபடி நிற்கும். ஓட ஓட நட் இளகும், இல்லாட்டில் போல்ட் முறியும்.

இரண்டாவது: நடுத்துளை

சில்லின் நடுவில் உள்ள பெரிய துளை, காரின் ஹப்பில் துருத்திக்கொண்டிருக்கிற வளையத்தில் போய் இருக்க வேண்டும். சிவிக்கின் ஹப் 64.1 மில்லிமீற்றர். கேம்ரி ரிம்மின் துளை 60.1. நாலு மில்லிமீற்றர் சின்னன். சில்லு ஹப்பில் ஏறவே ஏறாது. மாமாவின் இலவசச் செற் இங்கேயே ஃபெயில்.

மறுபக்கம் பாருங்கோ. சிவிக்கின் ரிம் கேம்ரியில் ஏறும். இடைவெளியை நிரப்ப 64.1 வெளி, 60.1 உள் அளவில் ஒரு ஹப் ரிங் போட்டால் போதும். ஆகவே "கேம்ரியும் சிவிக்கும் மாத்தலாம்" எண்டு யாரும் சொன்னால், எதிலிருந்து எதுக்கு எண்டு கேளுங்கோ. இந்த உறவு ஒருவழிப்பாதை.

ரிங் போடாமல் விட்டால் சில்லை மையத்தில் பிடிச்சிருக்கிறது நட்டுகள் மட்டும்தான். மையம் கொஞ்சம் விலகினாலும் வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

மூன்றாவது: அகலமும் ஓஃப்செற்றும்

கேம்ரியை விடுங்கோ. கூட்டாளி ஒருத்தர் 2016 மஸ்டா 3இன் செற்றை விற்கிறார் என்று வைப்போம். போல்ட் வட்டம் 5×114.3. நடுத்துளை 67.1. சிவிக்கின் 64.1ஐ விடப் பெரிசு, ரிங் போட்டால் சரி. அடுத்தது, சில்லு எவ்வளவு உள்ளே போகுது, எவ்வளவு வெளியே வருது?

ரிம்மில் ஜே, ஈடி என்று இரண்டு எண்கள் பொறிச்சிருக்கும். ஜே அகலம், இஞ்சியில். ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து ஹப்பில் முட்டுகிற முகம் எவ்வளவு தள்ளி இருக்குது என்பது, மில்லிமீற்றரில். உள்பக்கம் = பாதி அகலம் + ஈடி. வெளிப்பக்கம் = பாதி அகலம் − ஈடி.

உங்கள் ரிம் 7 ஜே, ஈடி 45 என்றால் உள்ளே 133.9, வெளியே 43.9. மஸ்டா ரிம் 6½ ஜே, ஈடி 50 என்றால் உள்ளே 132.6, வெளியே 32.6. சஸ்பென்ஷன் பக்கம் ஒரு மில்லிமீற்றர் கூடுதல் இடம். வெளிப்பக்கம் 11 மில்லிமீற்றர் உள்வாங்கி நிற்கும். வடிவு கொஞ்சம் குறைவு, பனிக்குப் பிழையில்லை. இதே இடத்தில் 8 ஜே, ஈடி 40 வந்தால் உள்ளே 8, வெளியே 18 மில்லிமீற்றர் கூடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும், ஆக்களை ஏத்தி மேடு பள்ளத்தில் போகும்போதும் ரயர் எங்கேயாவது உரசலாம்.

நாலாவது: ரயரின் உயரம்

"கேம்ரி ரிம் வேண்டாம், ரயரை மட்டும் கழட்டி என்ர 16 இஞ்சி ரிம்முக்குப் போடுறன்" என்று கேட்கலாம். சிவிக்கின் அளவு 215/55 ஆர் 16. மொத்த விட்டம் 643 மில்லிமீற்றர். கேம்ரியின் 205/65 ஆர் 16, 673. கிட்டத்தட்ட 4.7 வீதம் கூட. மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் 105க்குக் கிட்ட ஓடுவீர்கள். மஸ்டாவின் 205/60 ஆர் 16, 652, வித்தியாசம் 1.5 வீதம். 3 வீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை என்பது கடைக்காரர்களின் வழமையான கணக்கு. ரயரின் பாரச் சுட்டெண்ணையும் சாரதிக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கோ. அதில் சொன்னதைவிடக் குறையக்கூடாது.

ஐந்தாவது: நட்

கனபேர் பார்க்காமல் விடுகிறது இதைத்தான். நட்டின் மரை காரைப் பொறுத்தது. நட்டின் அடிப்பக்க வடிவம் ரிம்மைப் பொறுத்தது. ஹொண்டா, டொயோட்டா, மஸ்டா மூன்றுக்கும் இந்தக் கார்களில் மரை எம்12 × 1.5. ஆனால் ஹொண்டாவின் நட்டுக்கு அடி உருண்டை, டொயோட்டாவின் அலோய் ரிம் நட்டுக்குத் தட்டை வொஷர், மஸ்டாவுக்குக் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில்தான் முட்டும். டோர்க் ரென்ச் 'கிளிக்' எண்டும், உங்களுக்கு எல்லாம் சரி போல இருக்கும், பிறகு இளகும். ஆகவே மஸ்டா ரிம்முக்கு எம்12 × 1.5 கூம்பு நட் இருபது வேண்டும்.

கடைசியாக ஒரு முன் சில்லை மாட்டி, இறுக்கி, கையால் முழுச் சுற்றுச் சுத்திப் பாருங்கோ. ரிம்மின் கம்பிகள் பிரேக் கலிப்பரில் முட்டுதா என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. முட்டாவிட்டால், நாலு ஹப் ரிங்கும் இருபது நட்டும் வாங்கினால் மஸ்டா செற் பாஸ்.

மாட்டினபிறகு சிவிக்குக்கு 108 நியூட்டன் மீற்றர் டோர்க். முதல் 100 கிலோமீற்றருக்குள் இன்னொருக்கா இறுக்குங்கோ. ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் காப்புறுதிக் கம்பனிகள் அதுக்குக் கழிவு தரவேண்டும், கேட்டு வாங்குங்கோ. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். நத்தாருக்கு மொன்றியல் போற ஆக்கள் இருந்தால், நவம்பருக்குள் இந்தக் கணக்கை முடிச்சு வையுங்கோ.