படகு மோட்டாரில் 55 என்று போட்டிருந்தால் 55 குதிரையா?



நம்ம குஜிலியம்பாறை பக்கம் எச்.பி. என்ற வார்த்தை தெரியாத ஆள் கிடையாது. போர் மோட்டார் 5 எச்.பி.யா, ஏழரையா என்று நம் சகோதரிகளே கணக்குச் சொல்வார்கள். மாவு மில்லுக்குக் கடன் கேட்கும்போதும் மோட்டார் எத்தனை எச்.பி. என்றுதான் முதல் கேள்வி வரும். ஆனால் அந்த எச்.பி. எதை அளக்கிறது என்று கேட்டால் "பெரிசா இருந்தா நல்லா இழுக்கும்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இந்த மாதம் அதைத்தான் பார்க்கப்போகிறோம், அதுவும் ஒரு படகை வைத்து. தண்ணிக்கே ததிங்கிணத்தோம் போடுகிற ஊரில் படகா என்று சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

நம் கூட்டமைப்பில் ஒரு குழு ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்க முன்வந்திருக்கிறது. தீவனம் போட, வலை இழுக்க ஒரு சின்னப் படகு வேண்டும். துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துபோகிறது என்பதால் மோட்டார் விசாரித்தார்கள். வியாபாரி காட்டியது பேட்டரியில் ஓடும் மோட்டார். அதன் மேல் 55 என்று எழுதியிருந்தது. "இது 55 குதிரையா தம்பி?" என்று ஓர் அக்கா கேட்க, அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பெட்ரோல் இன்ஜின் மாதிரியே இழுக்கும்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாங்கினால் உள்கடனில்தான் வாங்க வேண்டும். அதனால்தான் இத்தனை விசாரணை.

முதலில் குதிரைத்திறன். 1780-களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் என்பவர் நீராவி இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே நம்ம ஊர்ச் செக்கு மாடு மாதிரி குதிரைகளைச் சுற்றவிட்டுத்தான் பல ஆலைகள் ஓடின. என் இயந்திரம் இத்தனை குதிரை வேலையைச் செய்யும் என்று சொன்னால்தானே வாங்குபவர்களுக்குப் புரியும்? அப்படி விற்பனைக்காகக் கட்டிய கணக்குதான் இது. ஏறக்குறைய 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது 1 குதிரை. 15 லிட்டர் குடம் ஐந்தை ஒரே வினாடியில் இடுப்பு உயரத்துக்குத் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டுக் கணக்கில் 1 எச்.பி. என்பது 746 வாட். 5 எச்.பி. மோட்டாரின் தகட்டில் பக்கத்திலேயே 3.7 கிலோவாட் என்று போட்டிருப்பதும் இதே கணக்குதான்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். எடை, தூரம், நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் குதிரைத்திறன்.

அந்த 55 இந்த வகைக் கணக்கே இல்லை. அது பவுண்டு. மோட்டார் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது படகு எவ்வளவு பலத்தோடு முன்னால் இழுக்கப்படுகிறது என்பதன் அளவு. இதை உந்துவிசை என்பார்கள். ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே 55 பவுண்டு என்பது சுமார் 25 கிலோ இழுவை. இதில் நேரமும் இல்லை, தூரமும் இல்லை. கிணற்றில் இறைக்கும்போது நிறைந்த வாளியைப் பாதியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் கை வலிக்கும். பலம் போய்க்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. படகைக் கயிறு போட்டு மரத்தில் கட்டிவிட்டு மோட்டாரை ஓடவிட்டாலும் அதே கதைதான். கயிறு விறைத்து நிற்கும், படகு நகராது. பவுண்டுக் கணக்கை எடுப்பதே இப்படி நின்ற நிலையில்தான்.

அப்படியானால் இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? இழுவையை வேகத்தால் பெருக்க வேண்டும். படகு நாம் வேகமாக நடக்கிற அளவுக்கு, வினாடிக்கு ஒன்றரை மீட்டர் போகிறது என்று வையுங்கள். 25 கிலோவை ஒன்றரையால் பெருக்கினால் 37.5. அதை 75-ஆல் வகுத்தால் அரைக் குதிரை. நிஜத்தில் இன்னும் குறையும். படகு நகர ஆரம்பித்ததும் விசிறிக்கு எதிரே தண்ணீரும் ஓடிவருவதால் பிடிப்பு தளர்ந்து இழுவை 25 கிலோவுக்குக் கீழே வந்துவிடும்.

பேட்டரிப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் இது பொருந்துகிறது. இந்த அளவு மோட்டார் 12 வோல்ட் பேட்டரியில் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் எடுக்கும். பெருக்கினால் 600 வாட், அதாவது 0.8 குதிரை உள்ளே போகிறது, அரைக் குதிரைக்கும் குறைவாகத் தண்ணீரில் வெளியே வருகிறது. 55 குதிரை எங்கே, இது எங்கே!

ஆனால் அந்த வியாபாரி சொன்னதை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. பெட்ரோல் இன்ஜினில் போட்டிருக்கும் குதிரை, இன்ஜின் தலைதெறிக்கச் சுற்றும்போது அதன் தண்டில் கிடைப்பது. அதில் மாட்டியிருக்கும் சின்ன விசிறி வேகமாகச் சுற்றி, மெதுவாகப் போகும் படகில் பாதித் தண்ணீரை மத்தால் மோர் கடைகிற மாதிரி கடைந்துகொண்டே இருக்கும். பேட்டரி மோட்டார் மெதுவாகச் சுற்றும், ஆனால் முதல் சுற்றிலேயே முழுப் பலத்தையும் கொடுக்கும். டிவிஎஸ் 50-ஐ மேட்டில் கிளப்புவதற்கும் பேட்டரி ஆட்டோவைக் கிளப்புவதற்கும் உள்ள வித்தியாசம் பார்த்திருப்பீர்கள். இதனால் நின்ற நிலை இழுவையில் 55 பவுண்டு மோட்டார் ஏறக்குறைய 2 குதிரை பெட்ரோல் இன்ஜினுக்குச் சமமாக நிற்கும். வேகத்தில் நிற்காது. வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் ஏறக்குறைய எட்டு மடங்கு திறன் தேவை, இது படகுக்கே உள்ள குணம். கடலில் அலையை வெட்டி ஓடும் நம் மீனவர்களின் ஃபைபர் படகுக்கு இந்தச் சின்ன மோட்டார் ஆகாது. குளத்துக்கு வேகம் எதற்கு?

பெரிய படகும் பேட்டரியில் ஓடுமா என்று கேட்பீர்கள். ஓடுகிறது. பெரியார் போராடிய வைக்கம் நமக்கெல்லாம் தெரியும். அங்கே கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ‘ஆதித்யா’ என்ற சூரிய சக்திப் படகை விட்டது. 75 பேர் உட்காரலாம். அதில் இருப்பது 20 கிலோவாட் மோட்டார் இரண்டு. நாம் படித்த கணக்கில் மொத்தம் சுமார் 54 குதிரை, இதுதான் உண்மையான குதிரை! கூரை முழுக்க சோலார் தகடு. டீசல் வாங்கும் செலவும் இல்லை, புகையும் சத்தமும் இல்லை.

சரி, நம் குழுவுக்கு எவ்வளவு வேண்டும்? பொதுவாகச் சொல்லும் கணக்கு, படகின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இழுவை. படகு 150 கிலோ, மூன்று பெண்கள் 180 கிலோ, தீவனம் 100 கிலோ, பேட்டரி 30 கிலோ. மொத்தம் 460 கிலோவுக்கு 9 கிலோ இழுவை, அதாவது 20 பவுண்டு போதும். ஆடிக் காற்றுக்காக அதை இரட்டிப்பாக்கினாலும் 40 பவுண்டுதான். ஆகவே 55 தாராளம். இதைவிடப் பெரிய மோட்டாருக்குப் பணம் கொடுப்பது என் பார்வையில் வீண். வியாபாரியின் பட்டியலில் பெரியதும் இருந்தது, அதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடிக்கிற இடம் பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 1.2 யூனிட் கரண்டு. 50 ஆம்பியர் எடுத்தால் 2 மணி நேரம் என்று காகிதம் சொல்லும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், அதனால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. மெதுவாக 15 ஆம்பியரில் ஓட்டினால் 3 மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது, சின்ன இன்ஜின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கிவிடும். வீணாக்கியது போக மிச்சமே நம் 30 கிலோ பேட்டரியில் இருக்கும் அளவுக்கு வரும் என்பதால் நெடுந்தூரம் போகிறவர்கள் இன்னும் பெட்ரோலை விடவில்லை. நமக்குக் கரைக்கும் கரைக்கும் நடுவே போகிற வேலைதான். மிஞ்சும் பணத்தை இரண்டாவது பேட்டரியில் போட்டால் ஒன்று சார்ஜ் ஏறும்போது மற்றது ஓடும்.

வாங்கும் முன் வியாபாரியைக் குளத்துக்கே வரச் சொல்லுங்கள். புளி நிறுக்கிற தொங்கு தராசின் ஒரு முனையை மரத்திலும் மறு முனையைப் படகின் கயிற்றிலும் கட்டி மோட்டாரை முழுக்கத் திருப்பினால், முள் எத்தனை கிலோ காட்டுகிறது என்று எல்லோரும் பார்க்கலாம். 25-க்கு அருகில் வந்தால் சொன்ன சொல் சரி. எவ்வளவு ஆம்பியர், எத்தனை மணி நேரம், பேட்டரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கி, தீர்மான நோட்டில் ஒட்டி வையுங்கள்.

பரிசலில் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வட்டமான பரிசல் மோட்டார் வைத்தால் நேரே போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும். பின்பக்கம் தட்டையான பலகை உள்ள படகுதான் வேண்டும். அந்த விலையையும் கடன் மனுவில் சேர்த்தே கேளுங்கள். ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் அதிலேயே வரட்டும். பேட்டரி படகின் நடுவில், மழைத்தண்ணீர் படாத பெட்டிக்குள் இருக்க வேண்டும்.