95-ஆவது நிமிட கோல்: சமநிலை கண்டிருந்தால் மலேசியா தப்பியிருக்குமா?

கத்தாரில் 2024 ஜனவரி 20-ஆம் தேதி நடந்த ஆசியக் கிண்ணக் காற்பந்து ஆட்டத்தில், காயத்துக்கான கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் பஹ்ரேனின் அலி மாடான் கோல் அடித்தார். 0-1 எனத் தோற்ற மலேசியா போட்டியிலிருந்தே வெளியேறியது. "கடைசி ஐந்து நிமிடம் எல்லாரையும் பின்னால் நிறுத்தி ஒரு புள்ளியைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா?" என்று அப்போதைய பயிற்றுநர் கிம் பான் கோனை நோக்கி ரசிகர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் புள்ளிக் கணக்கு வேறு கதை சொல்கிறது.

ஆறு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் இரு குழுக்கள் முன்னேறும். மூன்றாம் இடத்தில் வரும் ஆறு குழுக்களில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். 2019 போட்டியில் இந்த வாய்ப்பைப் பெற்ற நான்கு குழுக்களும் குறைந்தது 3 புள்ளி வைத்திருந்தன. 3 புள்ளி எடுத்த லெபனானுக்குக்கூட இடம் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு புள்ளியை நம்பிப் பயனில்லை என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி.

மலேசியாவின் நிலையைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஜோர்டானிடம் 0-4. பஹ்ரேனுடன் சமநிலை என்றால் கையில் ஒரு புள்ளி. பிறகு தென் கொரியாவை வென்றே ஆக வேண்டும். பஹ்ரேனை வென்றிருந்தால் மூன்று புள்ளி. கொரியாவுடன் சமநிலை கண்டாலே நான்காகிவிடும்.

நடந்தது என்ன? ஜனவரி 25-ஆம் தேதி, 105-ஆவது நிமிடத்தில் ரோமேல் மொராலெஸ் அடித்த கோலால் கொரியாவுடன் 3-3! பஹ்ரேனிடம் சமநிலை கண்டிருந்தால் மொத்தம் இரண்டு புள்ளி, பிரிவில் கடைசி இடம். வென்றிருந்தால் நான்கு புள்ளி, மூன்றாம் இடம், அடுத்த சுற்று. அந்த ஆண்டு 3 புள்ளியுடன் இந்தோனேசியாவே முன்னேறியது. (பஹ்ரேன் ஆட்டம் மாறியிருந்தால் கொரியா ஆட்டமும் இப்படியே அமைந்திருக்கும் என்று உறுதி கூற முடியாதுதான்.)

அமெரிக்கக் காற்பந்திலும் இதே வழக்கு உண்டு. பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள். நான்காவதில் பந்தை எதிரணியின் பக்கம் தூர உதைத்துவிடுவதே பல காலமாகப் பாதுகாப்பான வழக்கம். அண்மைக் காலமாகப் பயிற்றுநர்கள் துணிந்து நான்காவதையும் ஆடிப் பார்க்கிறார்கள். தோற்றால் திட்டு அவர்களுக்கே.

கிம் பான் கோனைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது. ஜோர்டானுக்கு எதிராக முதல் பாதியிலேயே மூன்று கோல் விட்டபோது தற்காப்பு ஏன் அவ்வளவு திறந்து கிடந்தது? பஹ்ரேன் ஆட்டத்தில் ஒரு புள்ளியின் மதிப்பைக் குறைத்தது அந்தத் தோல்விதான்.

பாகான் நக்கோடா ஓமார், சபாக் பெர்ணம் வட்டாரத் திடல்களில் எழுவர் காற்பந்துக் குழுக்களை வழிநடத்துவோருக்கும் இது பொருந்தும். கடைசி நிமிடத்தில் ஆட்டக்காரர்களை முன்னே அனுப்புவதா, பின்னே இழுப்பதா என்று முடிவெடுக்குமுன் பிரிவுப் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.