அறையை அளக்காமல் ஸ்பீக்கர் வாங்காதீர்கள்

பினாங்கில் பாட்டு எழுதி இசையமைக்கும் இளைஞர்கள் பலருக்கு ஸ்டூடியோ என்பது வீட்டுப் படுக்கையறைதான். கணினி ஏற்கெனவே இருக்கும். மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கியாகிவிடும். அடுத்தது மிக்ஸிங்குக்கான மானிட்டர் ஸ்பீக்கர். சேமிப்பில் பெரிய துண்டு போவதும் அதற்குத்தான். கடைக்காரர் ஏமாற்றினால் கேட்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. சொந்த அறை ஏமாற்றினால் எந்தத் தீர்ப்பாயத்திலும் முறையிட முடியாது. அதனால் அறையிலிருந்தே தொடங்குவோம்.

அடுக்குமாடி வீடுகளில் பார்க்கும் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 3 மீட்டர். நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடும். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது, 6 மீட்டர் அலைநீளம் உள்ள ஒலி, அதாவது 57 ஹெர்ட்ஸை ஒட்டியது, அந்த அறைக்குள் சிக்கிக்கொள்கிறது. சுவரோரம் நின்றால் அது முழங்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறையக் காணாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே இடத்தில் இந்த வேலையைச் செய்கின்றன. கிக் டிரம்மின் கனம் பெரும்பாலும் இருப்பது 50, 60 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவருக்கு அது கேட்காது. போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். அதே பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும், பாடகரின் குரல் அடியில் மூழ்கிக் கிடக்கும். உருமி மேளத்தை வைத்துப் பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும்.

இதற்குப் பெரிய ஸ்பீக்கர் மருந்தாகாது. எட்டு அங்குல வூஃபர் அந்த 57 ஹெர்ட்ஸை இன்னும் வலுவாகக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். இந்த அளவு அறைக்கு ஐந்து அங்குலமே போதும் என்பது என் உறுதியான கருத்து. மிச்சமாகும் பணத்தை அறைக்குச் செலவழியுங்கள். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தி, முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தள்ளிப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் அலமாரி, மறுபக்கம் சன்னல் என்று இருந்தால் குரல் எந்தப் பக்கம் நிற்கிறது என்றே பிடிபடாது. ஸ்பீக்கரை முன்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தை உண்டாக்கும். சின்ன அறையில் சுவரை ஒட்டி வைத்து, பின்பக்கத் துளைக்கு மட்டும் மூச்சுவிட இடம் கொடுத்து, பேஸைக் குறைக்கும் சுவிட்சைப் பயன்படுத்துவது நல்லது. யமஹா எச்எஸ் வரிசையில் ‘ரூம் கன்ட்ரோல்’ என்ற சுவிட்ச் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைப்பதற்கென்றே இருக்கிறது. வாங்கியவர்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை.

அடுத்து விவரத்தாள். யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கரின் ஒலி எல்லை 54 ஹெர்ட்ஸிலிருந்து 30 கிலோஹெர்ட்ஸ் வரை என்று விளம்பரங்களில் பார்ப்பீர்கள். அது 10 டெசிபல் குறைந்த நிலையில் எடுத்த கணக்கு. 3 டெசிபல் குறைவோடு பார்த்தால் எல்லை 74 ஹெர்ட்ஸிலேயே தொடங்குகிறது. யமஹா இரண்டு எண்களையும் வெளிப்படையாகவே தருகிறது. விற்பவர்கள்தான் முதல் எண்ணை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது, எத்தனை டெசிபல் குறைவில் எடுத்த எண் என்று கேளுங்கள். பதில் வராத எண்ணுக்கு மதிப்பில்லை.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது நல்லதாகத்தான் தோன்றும். கடை போடும் பாட்டு வேண்டாம். வரிக்கு வரி உங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கொண்டுபோங்கள். இனிமையாக ஒலிப்பது மானிட்டரின் வேலை இல்லை. 1978-இல் யமஹா வெளியிட்ட என்எஸ்-10 வீட்டு வரவேற்பறைக்காகச் செய்யப்பட்டு, அங்கே எடுபடாமல் போன ஸ்பீக்கர். நடு அலைவரிசையில் உள்ள குறையைத் தயவு இல்லாமல் காட்டியதால்தான் அந்த வெள்ளை வூஃபர் உலகின் ஸ்டூடியோ மேசைகளில் ஏறி உட்கார்ந்தது. 2001-இல் உற்பத்தி நின்ற பிறகும் அதைத் தேடி வாங்குகிறார்கள். உங்கள் மிக்ஸைக் கைப்பேசியிலும் காரிலும் போட்டுக் கேளுங்கள். லிட்டில் இந்தியாவில் கடை வாசலில் அலறும் பெட்டி ஒன்றில் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் பாட்டு போய்ச் சேரப்போவது அங்கெல்லாம்தான்.

சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் குடித்துவிட்டு, பேஸை அப்படியே விட்டுவிடும். முட்டை அட்டை அதைக்கூட ஒழுங்காகச் செய்யாது. இரண்டுமே எளிதில் தீப்பற்றும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், சத்தத்தைத் தடுக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டது. 100 பேர் மாண்டார்கள். கதவு ஒன்றே உள்ள படுக்கையறையில் இந்த ஃபோமை ஒட்டி, நடுவில் மின்கருவிகளை அடுக்கி வைப்பது உயிரோடு விளையாடுவது. தீயைத் தாங்கும் ராக்வூல் பலகையைப் பத்து சென்டிமீட்டர் கனத்தில், துணி போர்த்தி, மூலைகளில் நிறுத்துங்கள். பேஸையும் அதுதான் அடக்கும்.

ஒலியை அறைக்குள் அடைத்து வைப்பது வேறு வேலை. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பாரம்பரிய வட்டாரத்தில், மாநகர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டடத்தை மாற்றியமைக்கவும் முடியாது. அடுக்குமாடியில் அண்டை வீட்டார் நிர்வாகத்திடம் புகார் செய்யலாம். அது அவர்கள் உரிமை. இரவில் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் காதுக்கும் உரிமை உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிகள் 85 டெசிபலை எட்டு மணி நேரத்துக்கான உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டே மணி. வீட்டு ஸ்டூடியோவைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் பேஸும் கூடுதலாகக் கேட்கும் என்பதால், உரக்க வைத்துச் செய்த மிக்ஸ் தணிவாகக் கேட்கும்போது மெலிந்துவிடும். போன காது திரும்பாது.

இனி வாங்குவது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், அவர் சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் தெரிவித்து, அவர் பேச்சை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது பொருத்தமாகவும் இருக்க வேண்டும். எனவே பணம் கட்டுவதற்கு முன்னால், ‘பத்தடி அறை, மிக்ஸிங் வேலை, 230 வோல்ட், இரண்டும் புதிது, உத்தரவாதம் இத்தனை ஆண்டு’ என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் பதில் வாங்குங்கள். அந்தப் பதில்தான் பின்னால் உங்கள் சாட்சி. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. சட்டம் கொடுத்த உரிமையை ஒரு பலகையோ ரசீதின் அடிவரியோ பறிக்க முடியாது.

ஜப்பானிலிருந்து வரும் பழைய ஸ்பீக்கர்களில் தனிக்கவனம் வேண்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம் சாக்கெட்டில் செருகினால் உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபயர் அந்த இடத்திலேயே போய்விடும். வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் மிச்சமும் சீக்கிரம் உதிரும். தனியாள் தன் பழைய பொருளை விற்கும்போது இந்தச் சட்டம் கைகொடுக்காது. நேரில் போய், ஓடவிட்டுக் கேட்டு, பிறகு பணம் கொடுங்கள். முன்பணம் கேட்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அனுப்பிய பிறகுதான் மோசடி என்று தெரிந்தால், உடனே வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடும்.

கடை மாற்றித் தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் கடை அதற்குக் கட்டுப்படாவிட்டால் அது குற்றம். நிறுவனத்தின் பெயரில் தொழிலுக்கென்று வாங்கியிருந்தால் நீங்கள் பயனீட்டாளரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. ரசீதில் யார் பெயர் என்பதை வாங்கும்போதே யோசியுங்கள். படிவம் புரியவில்லை என்றால் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டு தலைமையேற்று நடத்திய சங்கம் அது, தமிழிலேயே பேசலாம். போகும்போது ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் நகல், பழுதைக் காட்டும் காணொளி, ஸ்பீக்கரின் வரிசை எண் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள்.