நிழல் காட்டிய எழுத்து

ஐம்பத்தைந்தாம் வயதில் மீண்டும் அரிச்சுவடி தொடங்க நேரும் என்று நான் எண்ணியதில்லை. இலக்கணம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட என்னைச் சென்ற ஆண்டு ஒரு சிறிய டிஜிட்டல் கமரா மாணாக்கனாக்கி வாங்கில் இருத்திவிட்டது. அக்கதையைச் சொல்வதற்குச் சிறிது நாணமாகவே இருக்கின்றது. ஆயினும், பழைய ஏட்டுச் சுவடிகளை வீட்டிற் பேணிவரும் அன்பர் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

எனக்குத் தமிழ் கற்பித்த பெரியார் மறைந்து ஆண்டுகள் பலவாயின. அவருடைய துணைவியார் ஒருநாள் என்னை அழைப்பித்து, பழந்துணியிற் சுற்றிய சுவடியொன்றைக் கையிலே தந்தார். “தம்பி, இதை வாசிக்க இந்த வீட்டிலே இனி ஆளில்லை. எனக்குப் பிறகு அடுப்புக்குள்ளேதான் போகும்” என்றார். அவிழ்த்துப் பார்த்தேன். அவர் கணவரின் பாட்டனார் காலத்து வைத்திய ஏடு. மொத்தம் 64 ஏடுகள். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. கயிறு கோத்த துளைகளைச் சுற்றி ஓலை பிளந்திருந்தது.

ஏடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை ஈழத்துத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. செல்லரித்த சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881 இல் வீரசோழியத்தையும் 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் நம் மண்ணிற் பிறந்தவர். அதே மண்ணில், 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. அன்று நான் சிறுவன். வேறு படி இல்லாத நூல் எரிந்தால் அது மீளாது என்பதை, கல்வியறிவு நிரம்புமுன்பே எங்கள் தலைமுறை கற்றுக்கொண்டது. ஆகவே, இச்சுவடியைப் படமெடுத்துவிட வேண்டும் எனத் தீர்மானித்து, கையிலிருந்த பணத்துக்கு ஒரு கமரா வாங்கினேன்.

வாங்கிய அன்றிரவே வேலையைத் தொடங்கினேன். பொத்தானை அமுக்கினால் மீதியைக் கமரா பார்த்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. மேசைமீது ஏட்டை வைத்து அமுக்கினேன். பளிச்சென்று பிளாஷ் வெளிச்சம் பாய்ந்தது. படத்திலே ஓலை மினுங்கிற்று, எழுத்தைக் காணவில்லை. பிளாஷை நிறுத்திவிட்டு மின்குமிழ் வெளிச்சத்திலே 64 ஏடுகளையும் எடுத்து முடித்தேன். மறுநாட் காலை அவற்றைக் கணினியிற் பெருப்பித்துப் பார்த்தபோது ஒவ்வொரு வரியும் நீரிற் கரைந்த மைபோலக் கலங்கியிருந்தது. திரும்ப எடுப்போம் என்று சுவடியை விரித்தேன். ஏழாம் ஏட்டைத் தூக்குகையில் அதன் வலவோரம் விரல் நுனியிலேயே பொடியாய் உதிர்ந்தது. அவ்வோரத்தில் நின்ற எழுத்துகள் இன்று உலகத்தில் ஓரிடத்தில் மாத்திரமே உள்ளன. அது நான் எடுத்த அந்தக் கலங்கிய படம்.

அன்றைக்கே கமராவை உறையிலிட்டேன். கலியாண வீடுகளிற் படமெடுத்துச் சீவிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவரைத் தேடிச் சென்றேன். யாப்பிலக்கணத்தில் அவருக்கு நான் இட்ட புள்ளிகள் மிகச் சொற்பம். அதனை இருவரும் நினைவு கூரவில்லை. நிகழ்ந்ததைக் கேட்டவர், “ஐயா, கமராவை ஒரு பக்கத்தில் வையுங்கோ. முதலில் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகுதென்று பாருங்கோ” என்றார். அதுவே முதற் பாடம்.

காலை வேளையில், ஒரேயொரு சாளரத்தைத் திறந்து, அதனருகே மேசையையிட்டு, ஒரு பழைய ஓலைத்துண்டை அதன்மேல் வைத்தோம். மற்றக் கதவுகளை அடைத்தோம். வெளிச்சம் ஓலையின்மேல் தாழ்வாகப் பக்கவாட்டில் வீழ்ந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுங் காணாத எழுத்துகள் அப்பொழுது தாமாகவே எழுந்து நின்றன. காரணம் எளிது. ஏட்டெழுத்து மையால் எழுதியதன்று, எழுத்தாணியாற் கீறியது. கீறல் என்பது ஒரு சிறு பள்ளம். வெளிச்சம் நேர்முகமாக வீழ்ந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகவே தோன்றும். பக்கத்தால் வீழ்ந்தால் பள்ளத்தின் ஒரு கரை தன் நிழலை உள்ளே விழுத்தும். அந்நிழலே எழுத்தின் வடிவாய் நமக்குத் தெரிகின்றது. முன்னோர் கரியும் பச்சிலைச் சாறும் பூசிப் பெற்ற தெளிவை, நொய்ந்த ஓலையைத் தொடாமலே சாளர வெளிச்சம் தந்துவிடுகின்றது.

இரண்டாம் பாடம் கமராவின் உட்புறத்தைப் பற்றியது. உள்ளே செல்லும் ஒளியை இரண்டு வாயில்கள் அளக்கின்றன. ஒன்று வில்லையின் துவாரம். மற்றையது துவாரம் வழியே வரும் ஒளியை விட்டுமறைக்கும் மூடி. துவாரத்தை 2.8, 4, 5.6, 8, 11 என்னும் எண்களாற் குறிக்கின்றனர். எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுத்தது கண்டு மயங்கினேன். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவதே அவ்வெண்ணென்று அறிந்தபின் மயக்கம் நீங்கிற்று. 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 4 என்றால் விட்டம் 12.5 மில்லிமீற்றர், 8 என்றால் 6.25 மில்லிமீற்றர். ஒவ்வொரு படி ஏறவும் ஒளி பாதியாகும். மூடியின் காலமோ 1/125 செக்கன், 1/60 செக்கன் என ஏறத்தாழ இரட்டித்துச் செல்லும். கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வகுத்து, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணிப் பழகிய எனக்கு இக்கணக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. துவாரத்தை ஒரு படி சுருக்கினால், மூடியின் காலத்தை இரட்டிப்பாக்க வேண்டும். அவ்வளவே.

இனி, ஏடு சமதளமானதன்று. வளைந்து நெளிந்து கிடக்கும். துவாரம் அகன்றிருந்தால் நடுவெழுத்துத் தெளிந்து ஓரவெழுத்து மங்கும். எனவே 8 என்னும் எண்ணை வைத்தோம். ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறனைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும். ஆதலால் அதனைத் தாழ்த்தி 100 இல் நிறுத்தினோம். வரும் ஒளி இவ்வாறு குறையவே, மூடி கால் செக்கன் திறந்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரம் நடுங்காதிருக்க எவர் கையாலும் இயலாது. என் முதற் படங்கள் கலங்கிய காரணம் அன்று விளங்கிற்று. கமராவை முக்காலியில் ஏற்றினோம். விரல் பொத்தானை அமுக்கும் அசைவும் படத்தைக் கெடுக்குமாதலால், அமுக்கி இரண்டு செக்கன் கழித்து மூடி திறக்கும்படி அமைத்தோம்.

கலங்கல் ஏட்டுக்குப் பெரும் பகை. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவது அரிது. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை காண்பதும் அரிது. தெளிந்த எழுத்தையே ஊகித்துப் படிக்க வேண்டியவிடத்துக் கலங்கிய எழுத்தால் யாது பயன்? நீண்ட ஏட்டை ஒரே படத்தில் அடக்கினால் எழுத்துச் சிறுக்கும். ஆகவே ஒரு பக்கத்தை இரண்டு படங்களாக, நடுவிற் சில எழுத்துகள் இரண்டிலும் வருமாறு எடுத்தேன். ஒவ்வொன்றின் அருகிலும் அடிமட்டமும் ஏட்டெண் எழுதிய துண்டும் வைத்தேன். பதினொரு காலைகளில் 256 படங்கள் நிறைவுற்றன. அவற்றுக்கு மூன்று படிகள் செய்து மூன்று வீடுகளில் வைத்திருக்கின்றேன்.

இக்கலை 1839 இல் உலகறிய வெளிவந்த காலத்தில் அதற்கு இட்ட கிரேக்கப் பெயருக்கு ஒளியால் எழுதுதல் என்பது பொருள். தமிழில் ஒளிப்படம் என்றும் நிழற்படம் என்றும் வழங்குகின்றோம். ஒளியிருக்க நிழலை ஏன் பெயராக்கினர் என்று வகுப்பிலே நகைத்தவன் நான். இனி நகையேன்.

சுவடியைத் துணியிற் பொதிந்து அம்மாவிடம் மீளக் கையளித்தேன். படங்களைப் பார்த்து ஏட்டைப் பெயர்த்தெழுதும் வேலை இப்பொழுது நடைபெறுகின்றது. ஏழாம் ஏட்டில் ஒரு குடிநீருக்குரிய சரக்குகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவ்வரிசையின் ஈற்றிலே, எழுத்துத் தெரியாத இடத்திற் புள்ளிகள் இட்டிருக்கின்றேன். அவ்விடத்துச் சரக்கு இன்னதென்று கலங்கிய படத்தை எத்தனை முறை பார்த்தும் என்னாற் சொல்லக்கூடவில்லை.

பூச்சி அரித்த இடங்களிலும் புள்ளிகள் உண்டு. அவை காலம் செய்தவை. இவை நான் செய்தவை. வீட்டில் ஏடு வைத்திருக்கும் அன்பர்கள், அதனை அவிழ்ப்பதற்கு முன்னரே ஒரு வெற்றோலையை வைத்துச் சாளரத்தருகில் நான்கு நாள் பழகிக்கொள்வார்களாக.